சீனத்துப் பெயர் எழுதிய வலன்ரைன்

பள்ளிமுனைக் கரையில் நிற்கிற வள்ளங்களில் பாதிக்கு மேல் என் கணவர் வலன்ரைன் பெயர் எழுதியவைதான். அதற்காக ஆளைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் இழுத்தடிப்பார். ஆனால் பெயின்ற் பூசுகிற பிறஸைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்குப் பசி தாகம் தெரியாது. முதலில் சோக்குக்கட்டியால் எழுத்தின் ஓரங்களைக் கீறுவார். பிறகு ஒரு நீளத் தடியை வள்ளத்தில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை ஊன்றி, ஓரத்துக்குள் பெயின்றை நிரப்புவார். எங்காவது பிசகினால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பவும் இழுப்பார். முடிந்ததும் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் தோளில் தட்டிக்கொடுப்பார்கள். இவரும் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்தத் தலையாட்டலால்தான் நாங்கள் வம்பில் மாட்டினோம்.

மன்னார்ப் பசாரில் பல் கட்டுகிற சீனர் ஒருவர் இருந்தார். உலகச் சண்டைக்கு முன்பே தமையனோடு கப்பலேறி வந்தவர். தமையன் கொழும்பிலேயே நின்றுவிட, இவர் ஊர் ஊராகப் பல் கட்டிக்கொண்டு வந்து மன்னாரில் தங்கினார். எங்கள் ஊர் மார்த்தாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்று யாக்கோபு ஆனார். ஞாயிறு பூசைக்கு எல்லோருக்கும் முதல் வந்து நிற்பார். என் மாமியாருக்குப் பல் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அந்தப் பல்லை வைத்து மாமி என்னைக் கடித்துக் குதறியதை இப்போது சொல்லப் போனால் விடிந்துவிடும்.

சாமான் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் யாக்கோபர் நெஞ்சு வலி வந்து செத்துப்போனார். மார்த்தா தன் கைவளையலைக் கொடுத்து சேமக்காலையில் சீமெந்தால் கல்லறை கட்டினாள். தலைமாட்டில் ஒரு சிலுவையும் அதற்குக் கீழே அகலமான கல்லும் வைத்தாள். கல்லில் யாக்கோபு என்று தமிழிலும், அதன் கீழ் அவர் பிறந்தபோது வைத்த பெயரைச் சீனத்திலும் எழுத வேண்டும் என்று என் கணவரிடம் வந்து கேட்டாள். வாங் யோங் மிங் என்பது அந்தப் பெயர். மேலிருந்து கீழாக மூன்று எழுத்து. இவரும் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டார்.

மார்த்தாவின் மகள் அன்ரோனெற்றுக்குத் தகப்பன் சின்ன வயதில் கொஞ்சம் பழக்கியிருந்தார். அவள் பெயரைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தாள். என் கணவர் அந்தக் கடதாசியில் குண்டூசியால் ஓரம் ஓரமாகக் குத்தி, கல்லில் ஒட்டி, கரித்தூளைத் தட்டி அடையாளம் எடுத்தார். பிறகு தடியை ஊன்றி, ஓரம் கட்டி, உள்ளே நிரப்பினார். ஊரே வந்து பார்த்தது. வாசிக்கத் தெரிந்த ஒருத்தரும் வரவில்லை, அதனால் எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள்.

ஆவணியில் மடு மாதா திருநாளுக்குச் சனம் வந்து போகிற நேரத்தில் கொழும்பிலிருந்து தமையன் வந்தார். தம்பி கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததிலிருந்து பேச்சை விட்டவர். செத்த செய்தியே அவருக்குப் பிந்தித்தான் போனது. மெலிந்த உடம்பு, கழுத்துவரை பூட்டிய வெள்ளைச் சட்டை. கல்லின் முன்னால் வெயிலுக்குள் நெடுநேரம் நின்றார். பிறகு, எழுதியவர் இவர்தான் என்று மார்த்தா காட்டிய என் கணவரைத் திரும்பிப் பார்த்து, பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகச் சொன்னார்.

"இது எழுத்து இல்லை. படம்."

என் கணவருடைய முகம் செத்துவிட்டது. அந்த மனிதர் அதோடு நிறுத்தவில்லை. கொழும்பில் தன் ஆட்கள் கிடக்கிற இடத்தில் தம்பிக்கும் நிலம் வாங்கி வைத்திருப்பதாகவும், எலும்பைத் தோண்டி எடுத்துப்போக அரசாங்கக் கச்சேரியில் அனுமதிக் கடதாசி எடுத்துவிட்டதாகவும், மார்த்தா ஓம் என்று ஒப்பம் வைத்தால் போதும் என்றும் சொன்னார். பெயரை எழுதத் தெரிந்த ஒரு கைகூட இல்லாத ஊரில் தன் தம்பி கிடக்கக் கூடாதாம்.

மார்த்தா பேசாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளுடைய ஒப்பம் இல்லாமல் கடதாசி செல்லாது. ஆனால் அவளுக்கு ரோசம் மூக்கில் நிற்கிற சாதி. பெயர் எழுதத் தெரியாத ஊர் என்றது அவளுக்குச் சுட்டுவிட்டது.

"ஆத்துமாக்கள் திருநாளுக்கு வாங்கோ. அண்டைக்கும் இந்தக் கல்லில பேர் ஒழுங்கா இல்லையெண்டா நானே ஒப்பம் வைச்சுத் தாறன், கொண்டு போங்கோ," என்றாள்.

அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். மார்த்தா சொன்ன சொல்லை விழுங்குகிறவள் இல்லை. அது அவளுடைய பெருமை, அதுதான் அவளுடைய பீடையும். ஆத்துமாக்கள் திருநாளான கார்த்திகை இரண்டாந் திகதி கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சுவாமி வரும்போது யாக்கோபர் அந்தக் குழிக்குள் இருப்பாரா இல்லையா என்பது இனி என் கணவருடைய கையில் தொங்கியது.

அன்ரோனெற்றே போய் எழுதினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் அப்போது பிள்ளைத்தாச்சி. வயிற்றில் பிள்ளையோடு சேமக்காலைக்குள் கால் வைக்க எங்கள் ஊரில் ஒருத்தரும் விடமாட்டார்கள், தகப்பனுடைய அடக்கத்துக்கே அவளை வாசல் படலையோடு நிறுத்தி வைத்தவர்கள். பலகையில் எழுதிக் கொண்டுபோய் நட்டால் என்ன என்றும் கேட்டேன். பலகையை நட்டால் ஊர்க் கழுதைகளெல்லாம் முதுகு சொறிய அங்கேதான் வரும், கிழமை முடியுமுன் விழுத்திவிடும். அதோடு, தமையன் பார்த்துப் பழித்தது கல்லைத்தான். எழுதினால் கல்லில் எழுத வேண்டும், எழுதுகிற கை சேமக்காலைக்குள் போகக்கூடிய கையாக இருக்க வேண்டும்.

அப்படித்தான் நாற்பது கழிந்த என் கணவர், மகள் வயதிலிருந்த அன்ரோனெற்றிடம் சீனத்து எழுத்துப் பழகப் போனார். பகல் சாப்பாடு முடிந்ததும் போவார். மார்த்தா வீட்டு விறாந்தையில் சீமெந்துத் தரை. ஒரு கோப்பையில் தண்ணீர். யாக்கோபர் விட்டுப்போன மூங்கில் பிடிப் பிறஸ் ஒன்று. அது எங்கள் பெயின்ற் பிறஸ் மாதிரித் தட்டை இல்லை, உருண்டையாக வந்து நுனியில் கூர்ந்துவிடும். தரையில் தண்ணீரால் எழுதினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும், பிறகு திரும்ப எழுதலாம். பெயின்றும் கடதாசியும் கண்ணிலே காணக் கிடைக்காத அந்தக் காலத்துக்கு அது நல்லாய்த்தான் இருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? விதவை வீட்டு விறாந்தையில் உன் மனுசனுக்கு ஒவ்வொரு பின்னேரமும் என்ன வேலை என்று மீன் சந்தையில் இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள். கேட்டவர்களுக்கு நல்ல கிழி கிழித்துவிட்டு, அதே கோபத்தோடு நேரே மார்த்தா வீட்டுக்குப் போனேன். அங்கே என் கணவர் தரையில் முழந்தாளிட்டு, சட்டையெல்லாம் வியர்வையில் நனைய, ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒரேயொரு புள்ளி. அன்ரோனெற் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தபடி இல்லை மாமா, இல்லை மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானும் இருந்து பார்த்தேன். புள்ளி என்றால் குத்தி எடுப்பது இல்லையாம். பிறஸின் நுனி சாய்ந்து இறங்க வேண்டும், அமர வேண்டும், அமர்ந்த இடத்திலேயே திரும்பி உள்ளுக்குள் ஒடுங்கி எழும்ப வேண்டும். குறுக்குக் கோடும் அப்படித்தான், தொடக்கத்தில் ஓர் அழுத்தம், நடுவில் இலேசு, முடிவில் திரும்பவும் அழுத்தி நிறுத்தம். பிறஸ் நட்ட கம்பு மாதிரி நேரே நிற்க வேண்டும். மணிக்கட்டு எதிலும் படக் கூடாது. தடி கூடவே கூடாது. எந்தக் கீறு முதல், எந்தக் கீறு பிறகு என்று ஓர் ஒழுங்கு, அதை மாற்ற முடியாது. நடு எழுத்தான யோங் என்பதுதான் ஆகப் பெரிய கண்டம். புள்ளி, குறுக்கு, நெடுக்கு, கொக்கி, மேலே ஏறுகிற கீறு, சரிகிற கீறு என்று அந்த மொழியில் உள்ள கீறெல்லாம் அந்த ஒரே எழுத்துக்குள் இருந்தது. பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் பழக்குவார்களாம். கடைசியாக வலப்பக்கம் சரிந்து, நடக்க நடக்க அமர்ந்து, பிறகு மெல்ல எழுந்து கூராக முடிகிற ஒரு கீறு. அதை என் கணவர் ஒருநாளும் ஒழுங்காக முடித்ததில்லை.

அவருக்கு வந்த வியாதி வேறு எவருக்கும் வந்திராது. கீறு கொஞ்சம் பிசகினால் அவருடைய கை தானாகத் திரும்பிப் போய் ஓரத்தைச் சரிக்கட்டிவிடும். எத்தனை வருசம் வள்ளத்தில் செய்த வேலை, கை கேட்குமா? அன்ரோனெற் எத்தனை தரம் சொன்னாலும் கேட்காது.

"மாமா, போன இடத்துக்குத் திரும்பிப் போகாதேங்கோ," என்றாள் அவள். "திருத்தினா ஆரும் பார்த்த உடன கண்டுபிடிப்பினம். பெரியப்பா கல்லில கண்டது அதைத்தான்."

மார்த்தா ஒரு மூலையில் செபமாலையோடு இருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரும்போது அவளை ஏசத்தான் வந்தேன், ஏசாமல் விடவில்லை. வெளியே கூட்டிவந்து, உனக்கு ஏன் இந்த வாய், ஒப்பம் வைக்கமாட்டேன் என்று சொன்னால் அந்த மனிதரால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அவள் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் பக்கத்தில இடம் விட்டுத்தான் அந்தக் கல்லறையைக் கட்டினனான், றஞ்சிதம். சொன்ன சொல்லையும் விழுங்கேலாது. அவரைக் கொண்டு போனா நான் ஆருக்குப் பக்கத்தில போய்ப் படுக்கிறது?"

அதற்குப் பிறகு நான் அவளை ஏசவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரை ஏசினேன்.

புரட்டாசி முடிய இன்னொரு தொல்லை வந்தது. ஒரு சம்மாட்டியின் புது வள்ளத்துக்குப் பெயர் எழுதப் போனவர் தடியில்லாமல் எழுதினார். எழுத்து ஆடிவிட்டது. தடியை ஊன்றித் திருத்தப் போனார், அதுவும் வரவில்லை. கை இரண்டுங்கெட்டானாகிவிட்டது. சம்மாட்டி கரையில் நின்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினான். வள்ளத்து எழுத்தும் போய், சீனத்து எழுத்தும் வராமல், என் கணவர் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கைதான் எங்கள் உலை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மழை விட்ட ஒரு பகலில் அவர் போய்க் கல்லிலிருந்த பழைய சீனத்துப் பெயரைச் சுரண்டி, மேலே சுண்ணாம்பு பூசிவிட்டு வந்தார். யாக்கோபு என்ற தமிழ்ப் பெயர் மட்டும் நின்றது, கீழே வெறும் வெள்ளை. வீட்டில் கறுப்புப் பெயின்ற் ஒரு தகரத்தின் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஒரு தரம் எழுதத்தான் காணும், பிழைவிட்டால் அழித்துத் திரும்ப எழுதப் போதாது. காயும் காயும் என்று காத்திருந்தோம், வெயில் வரவேயில்லை. ஈரக் கல்லில் எழுதினால் பெயின்ற் தோல் உரிந்துவிடும். அதனால் எழுத்து அந்தத் திருநாள் அன்றைக்கே, அந்த மனிதருடைய கண்ணுக்கு முன்னால்தான் என்று ஆகிவிட்டது.

அன்று பூசை முடியும்போது மழை விட்டிருந்தது, ஆனால் வானம் கறுத்துத்தான் கிடந்தது. சேமக்காலையில் எல்லாக் கல்லறையிலும் பூவும் மெழுகுதிரியும். தமையன் சொன்னபடி வந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, கையில் கச்சேரிக் கடதாசி. அவருக்குப் பின்னால் படலையடியில் மண்வெட்டியோடு இரண்டு பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கண்டதும் மார்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மதிலுக்கு வெளியே றோட்டில் அன்ரோனெற் குடையோடு நின்றாள். அங்கேயிருந்து அவளுக்குக் கல் கண்ணில் படாது.

என் கணவர் கல்லில் கையை வைத்துப் பார்த்தார். ஈரம். சுவாமி அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருகிறார். மேலே மேகம் உருளுகிறது. நான் வீட்டுக்கு ஓடினேன். விருந்தாளி வந்தால் போடுவதற்கென்று காலையில் என் கணவருடைய சட்டையை மினுக்கிய இஸ்திரிக் கரிப்பெட்டி இன்னும் தணலோடு இருந்தது. அதையும் ஒரு பழஞ்சேலைத் துண்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கல்லில் துண்டை விரித்து மினுக்கத் தொடங்கினேன். ஆவி பறந்தது. கல்லறையை மினுக்குகிற பெண்பிள்ளையைப் பாருங்கோடி என்று யாரோ சிரித்தது கேட்டது. சிரிக்கிறவள் சிரிக்கட்டும் என்று மினுக்கினேன். துண்டு காய்ந்து கல் சுடும்வரைக்கும் விடவில்லை.

என் கணவர் யாக்கோபருடைய மூங்கில் பிறஸால் பெயின்றைக் கலக்கிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் கண்டேன், அவருடைய மற்றக் கையில் அந்தப் பழைய தடி. பயத்தில் கொண்டுவந்திருக்கிறார்.

"அதை இஞ்ச தாங்கோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தரவில்லை. நான் பிடுங்கி எடுத்தேன்.

முதல் எழுத்து வாங். மூன்று குறுக்கும் ஒரு நெடுக்கும். கை அந்தரத்தில் நின்றது, ஆனால் ஆடவில்லை. மேல் கோடு, நடுக்கோடு, நெடுக்கு, கடைசியாக அடிக்கோடு. தமையன் ஒரு பக்கமாக நின்று கண் வெட்டாமல் பார்த்தார். இரண்டாவது எழுத்தின் புள்ளி இறங்கியது, அமர்ந்தது, ஒடுங்கியது. குறுக்கு, நெடுக்கு, கொக்கி. இடப்பக்கத்துக் கீறுகள் போயின. பிறகு அந்தக் கடைசிக் கீறு, வலப்பக்கம் சரிந்து அமர்வது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அமர வேண்டிய இடத்தில் பெயின்ற் வற்றி, மயிர் இரண்டாகப் பிரிந்து, கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கீலம் விழுந்துவிட்டது.

கை நின்றது. பிறஸின் நுனி அந்த வெள்ளைக்கு நேரே வந்துவிட்டது. ஒரு தொடுகை தொட்டால் மூடிவிடும். எந்த வள்ளத்திலும் அவர் அப்படி ஒரு வெள்ளையை விட்டதில்லை. நிரப்புங்கோ என்று எனக்கே வாய்வரை வந்துவிட்டது. மார்த்தாவின் நகம் என் கையில் இறங்கியது. மண்வெட்டிக்காரரில் ஒருத்தன் எட்டிப் பார்த்தான். மழைத்துளி ஒன்று என் கன்னத்தில் விழுந்தது.

அவர் பிறஸைப் பின்னால் எடுத்து, தகரத்தில் தோய்த்து, மூன்றாவது எழுத்துக்குப் போய்விட்டார்.

மிங் முடிந்ததும் அவர் கீழே குந்திவிட்டார். நான் குடையைக் கல்லுக்கு மேலே பிடித்தேன். தமையன் கிட்ட வந்தார். விரலை நீட்டி, கல்லில் படாமல், ஒவ்வொரு கீறாக, அது எழுதப்பட்ட ஒழுங்கிலேயே காற்றில் போய்க்கொண்டு வந்தார். வெள்ளை விழுந்த இடத்தில் விரல் நின்றது. அப்போது எனக்கு இருந்த நிலைக்கு, அந்த மனிதரைத் தள்ளிவிடலாம் போலிருந்தது.

"இங்க பயம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பயம் வந்தது. ஆனா திரும்பிப் போகல்ல," என்றார்.

பிறகு மண்வெட்டிக்காரரைப் பார்த்துக் கையை வீசினார். போங்கள் என்று அர்த்தம். மார்த்தா கல்லறையோடு சாய்ந்து கத்தி அழுதாள். அந்தச் சத்தம் மதிலுக்கு வெளியே கேட்டிருக்கும். என்னம்மா, என்ன சொல்லுறார் என்று அன்ரோனெற் றோட்டிலிருந்து கத்தினாள். இருக்கிறார், உன் அப்பா இருக்கிறார் என்று நான் திரும்பிக் கத்தினேன்.

தமையன் போகவில்லை. என் கணவருக்குப் பக்கத்தில் அவரும் ஈர மண்ணில் குந்தினார். தகரத்தின் அடியில் ஒட்டியிருந்த பெயின்றைப் பிறஸால் வழித்தெடுத்து, கச்சேரிக் கடதாசியைத் திருப்பி முழங்காலில் வைத்து, அதன் பின்பக்கத்தில் மூன்று எழுத்து எழுதினார். கை நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை. முதல் எழுத்து கல்லில் இருந்த அதே வாங். மற்ற இரண்டையும் நாங்கள் கண்டதில்லை.

"இது என்ர பேர்," என்றார். "எனக்கு நாலு பிள்ளை. பிறஸ் பிடிக்க ஒருத்தருக்கும் தெரியாது. பழக்கினேன், வரல்ல. நான் செத்தா நீங்க கொழும்புக்கு வருவீங்களா?"

என் கணவர் கடதாசியை இரண்டு கையாலும் வாங்கி, பெயின்ற் ஒழுகாமல் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு புது எழுத்தையும் நெடுநேரம் பார்த்தார்.

"வருவன் ஐயா. ஆனா இதைப் பழகக் கனநாள் எடுக்கும்," என்றார்.

"ஆறுதலாப் பழகுங்க," என்றார் அந்த மனிதர். "அதுவரைக்கும் நான் இருக்கிறேன்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.